ராமேசுவரத்தில் தீர்த்தமாடப் போகிறவர்கள் கவனத்துக்கு

அப்பா இறந்து ஒரு வருஷம் முடிந்ததும் அம்மாவை ராமேசுவரம் கூட்டிப்போனோம். அக்னி தீர்த்தக் கடலில் முழுகிவிட்டு, கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களிலும் ஆட வேண்டும் என்பது அம்மாவின் வேண்டுதல்.

கடலிலிருந்து ஏறி ஈரத்துணியோடு நிற்கும்போதே ஒருவர் வந்தார். கையில் வாளியும் கயிறும். "உள்ள நாலு மணி நேரம் வரிசைண்ணே. அம்மாவால நிக்க முடியாது. தலைக்கு 500 குடுங்க, நானே இறைச்சு ஊத்துறேன்." அம்மாவுக்கு முழங்கால் வலி. நாலு பேருக்கு 2000 எடுத்துக் கொடுத்தேன். ரசீது கேட்டால், "எல்லாம் அதுலயே அடக்கம்" என்றார்.

முதலில் மகாலட்சுமி தீர்த்தம். அங்கே வாளி நிறைய ஊற்றினார். ஆறேழு கிணறு தாண்டியதும் ஒரு வாளியை நாலு பேருக்கும் பங்கிட்டுத் தெளித்தார். அப்புறம் அதுவும் இல்லை. "இங்க கூட்டம், அடுத்ததுக்கு வாங்க" என்று ஓட்டமாக இழுத்துப்போனார். தரையெல்லாம் ஈரம், அம்மா சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தார். ஒரு திருப்பத்தில், "முடிஞ்சது, துணி மாத்திட்டு சாமி பாருங்க" என்று சொல்லிவிட்டு ஆள் போய்விட்டார்.

அம்மா விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்திருக்கிறார். "பதினஞ்சுதான் ஆச்சு. கோடி தீர்த்தம் வரவே இல்லையேப்பா."

கடைசியாக ஆட வேண்டியதே அதுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் விசாரித்தால், கோயில் கவுண்டரிலேயே தீர்த்தச் சீட்டு தருகிறார்கள். நாங்கள் போனபோது தலைக்கு 25 ரூபாய். கிணற்று மேல் நின்று இறைத்து ஊற்றவும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆகவே கடற்கரையில் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள். கவுண்டரில் சீட்டு வாங்கி, கையில் வைத்துக்கொண்டே போங்கள். கூட்டத்துக்குப் பயமென்றால் அமாவாசையைத் தவிர்த்துவிடுங்கள். மாற்றுத்துணி அவசியம், ஈரத்தோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள். வயதானவர்களை ஒருவர் கைபிடித்து மெதுவாக நடத்துங்கள், யார் அவசரப்படுத்தினாலும் சரி.

மறுநாள் காலை சீட்டு வாங்கி மறுபடி முதலிலிருந்து ஆடினோம். கோடி தீர்த்தத்தில் முழு வாளி தலையில் விழுந்தபோது, அதுவரை வாய்விட்டுச் சொல்லியே அறியாத அப்பாவின் பெயரை அம்மா சொன்னார். ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து ஊருக்கும் கொண்டுவந்தார்.