சேப்பாக்கமா, கிண்டியா, அடையாறா? சென்னைப் பல்கலைக்கழகங்கள் ஓர் ஒப்பீடு

சர்தார் படேல் சாலையில் ஐ.ஐ.டி. நுழைவாயில் இருக்கிறது. அதே சாலையில் அண்ணா பல்கலைக்கழகம். அதன் ஏ.சி. டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) வளாகத்தை ஒட்டிச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகம். மூன்றுக்கும் நடந்தே போய்விடலாம். ஆனால் உள்ளே நுழையும் வழி, கட்டணம், பாடத்திட்டம், ஆசிரியர் நிலை, முடித்தபின் கிடைக்கும் மதிப்பு என்று எதிலும் மூன்றும் ஒன்றாக இல்லை. "சென்னையில் எந்தப் பல்கலைக்கழகம் நல்லது?" என்று கேட்டால் யாராலும் சரியான பதில் தர முடியாது. எந்தத் துறை, எந்த வளாகம், எந்தச் சேர்க்கை வழி என்று பிரித்துக் கேட்டால்தான் பதில் வரும்.

முதலில் சென்னைப் பல்கலைக்கழகம். 1857இல் கல்கத்தா, பம்பாய்ப் பல்கலைக்கழகங்களோடு தொடங்கியது. பெயர் பெரிது, அந்தப் பெயரில்தான் குழப்பமும் தொடங்குகிறது. "மெட்ராஸ் யூனிவர்சிட்டி டிகிரி" வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அதன் வளாகத்தில் படித்தவர்கள் இல்லை. சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களின் இணைப்புக் கல்லூரிகளில் படித்தவர்கள். பல்கலைக்கழகம் தன் சொந்த வளாகங்களில் நடத்துவது முக்கியமாக முதுகலையும் ஆய்வும்தான். ஆகவே பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். சேரப் போகிறவர் பல்கலைக்கழகத்தை மதிப்பிடுவதில் பயனில்லை. கல்லூரியைத்தான் மதிப்பிட வேண்டும்.

லயோலா, கிறித்தவக் கல்லூரி, ஸ்டெல்லா மாரிஸ், மகளிர் கிறித்தவக் கல்லூரி, எத்திராஜ், மாநிலக் கல்லூரி போன்றவை தன்னாட்சிக் கல்லூரிகள். பாடத்திட்டம், வினாத்தாள், திருத்தம் எல்லாம் கல்லூரியுடையவை. பட்டம் மட்டும் பல்கலைக்கழகத்துடையது. அதனால் ஒரே பெயர் போட்ட இரண்டு பி.எஸ்சி. இயற்பியல் பட்டங்களுக்குப் பின்னால் இரண்டு வேறு படிப்புகள் இருக்கலாம். சேரும் முன் கல்லூரி இணையதளத்தில் உள்ள பாடத்திட்டத்தை இறக்கி, மூன்றாம் ஆண்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முதலாண்டு எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். தரம் தெரிவது மூன்றாம் ஆண்டில்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பல கல்லூரிகளில் ஒரே பாடம் அரசு உதவி பெறும் பிரிவிலும் சுயநிதிப் பிரிவிலும் இருக்கும். ஷிஃப்ட் ஒன்று, ஷிஃப்ட் இரண்டு என்று சொல்வதும் பெரும்பாலும் இதைத்தான். உதவி பெறும் பிரிவில் கட்டணம் மிகக் குறைவு. நிரந்தர ஆசிரியர்களும் அங்கேதான் அதிகம். விண்ணப்பத்தில் இரண்டும் தனித்தனி வரியாக வரும். ஒன்றை மட்டும் டிக் செய்துவிட்டு, "அந்தக் காலேஜில் கிடைக்கவில்லை" என்று ஒதுங்கிப் போகிறவர்கள் உண்டு. இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள்.

முதுகலைக்கும் ஆய்வுக்கும் வருகிறவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் இன்னும் கனமான இடம். ராமானுஜன் அதன் ஆய்வு உதவித்தொகை பெற்றவர். கணிதத் துறை இன்று அவர் பெயரிலேயே உயராய்வு நிறுவனமாக இருக்கிறது. கிண்டி வளாகத்தின் படிகவியல், உயிர் இயற்பியல் துறை ஜி.என். ராமச்சந்திரன் கட்டியது. கொலாஜன் புரதத்தின் மூவிழைச் சுருள் அமைப்பும், புரத வடிவங்களைச் சரிபார்க்க உலகமெங்கும் இன்றும் பயன்படும் ராமச்சந்திரன் வரைபடமும் இங்கிருந்து போனவை. தத்துவம், தாவரவியல், தொல்லியல், மானுடவியல், குற்றவியல் ஆகியவற்றுக்கு நகரத்தில் இதற்கு ஈடான வேறிடம் எளிதில் கிடைக்காது. தமிழ் லெக்சிகன் என்னும் பேரகராதியைத் தந்ததும் இந்தப் பல்கலைக்கழகம்தான்.

ஆனால் பழம்பெருமையை மட்டும் பார்த்துச் சேரக் கூடாது. 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தபின் அந்த இடம் நெடுநாள் காலியாகக் கிடந்தது. 2024இல் வருமான வரிப் பிரச்சினையில் வங்கிக் கணக்குகளே முடக்கப்பட்டன. இத்தனை பெரிய நிறுவனத்தை இந்த நிலைக்கு விட்டது வேதனையான செய்தி. மாணவரைப் பொறுத்தவரை இதன் விளைவு நேரடியானது: ஓய்வு பெற்ற பேராசிரியரின் இடம் நிரப்பப்படாவிட்டால் அந்தச் சிறப்புப் பாடம் காகிதத்தில் மட்டும் இருக்கும். ஆகவே துறையின் பக்கத்தைத் திறந்து, நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். பிஎச்.டி. என்றால் இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது. யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மட்டுமே ஒரே நேரத்தில் நெறியாளராக இருக்க முடியும். ஜே.ஆர்.எஃப். என்னும் தேசிய ஆய்வு உதவித்தொகை கையில் இருந்தும் நெறியாளர் கிடைக்காமல் நிற்பதற்கு இதுவே காரணம். தேர்வெழுதி முடித்தபின் தேடாதீர்கள். காலியிடம் யாரிடம் இருக்கிறது என்று முன்பே எழுதிக் கேளுங்கள்.

அண்ணா பல்கலைக்கழகத்திலும் இதே பெயர்க் குழப்பம் உண்டு, இன்னும் பெரிய அளவில். மாநிலம் முழுக்க 400க்கு மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் அதன் பட்டத்தைத் தருகின்றன. ஊரார் "அண்ணா யூனிவர்சிட்டி" என்று மரியாதையோடு சொல்வது அவற்றை அல்ல. நான்கு வளாகங்களை மட்டும். பொறியியல் சேர்க்கைக்கான அரசுக் கவுன்சிலிங்கில் அவற்றின் எண்கள்: 1 கிண்டி பொறியியல் கல்லூரி, 2 அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி, 3 கட்டடக்கலைப் பள்ளி, 4 குரோம்பேட்டை எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி). மற்ற ஊர்களில் உள்ள உறுப்புக் கல்லூரிகளும் மண்டல வளாகங்களும் அண்ணா பெயரைத் தாங்கியவைதாம். ஆனால் அவை வேறு. பெயரைப் படித்து விருப்பம் பதிய வேண்டாம், எண்ணைப் பார்த்துப் பதியுங்கள்.

இந்த நான்கில் ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம் உண்டு. கிண்டி 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. அந்த வேர் இன்னும் உயிரோடிருக்கிறது: புவித்தகவலியல், நீர்வளம், கட்டுமானம் ஆகியவற்றில் அதன் ஆழம் வேறு எந்த மாநிலக் கல்லூரியிலும் இல்லை. எல்லோரும் கணினி அறிவியலுக்கே முட்டி மோதுவதால் இந்தத் துறைகள் குறைந்த கட்-ஆஃபில் கிடைக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஏ.சி. டெக் 1944இல் தொடங்கியது. வேதிப் பொறியியலும், ஜவுளி, செராமிக், உணவு, தோல் தொழில்நுட்பங்களும் அதன் பலம். தோல் தொழில்நுட்பப் படிப்பு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து நடப்பது. இப்படி ஒரு தேசிய ஆய்வகத்தோடு இணைந்த இளநிலைப் படிப்பு அரிது. எம்.ஐ.டி. 1949இல் சி. ராஜம் நிறுவியது. வானூர்தி, ஆட்டோமொபைல், கருவியியல், ரப்பர்-பிளாஸ்டிக் ஆகியவை அதன் அடையாளம். அப்துல் கலாம் படித்தது இங்கேதான். குரோம்பேட்டை ரயில் நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் செங்கல்பட்டு வழியில் இருப்பவர்களுக்கு விடுதிச் செலவே இல்லை.

கவுன்சிலிங்கில் கட்-ஆஃப் கணக்கு எளியது: கணிதம் முழுதாக, இயற்பியலும் வேதியியலும் பாதிபாதி, மொத்தம் 200. கணிதத்தில் 96, இயற்பியலில் 92, வேதியியலில் 94 என்றால் 96+46+47=189. இரண்டு பேர் ஒரே கட்-ஆஃபில் நின்றால் முதலில் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல் பார்க்கப்படும். அதனால் கணிதத்தில் ஒரு மதிப்பெண்ணுக்கு வேதியியலில் இரண்டைவிட மதிப்பு அதிகம்.

தவறு நடக்கும் இடம் விருப்பப் பட்டியல். "இது நமக்குக் கிடைக்காது" என்று நினைத்து விரும்பியதைக் கீழே தள்ளுகிறார்கள். பட்டியல் மேலிருந்துதான் பார்க்கப்படுகிறது. மேலே உள்ளது கிடைக்காவிட்டால் அடுத்ததற்குப் போகும், அதனால் எந்த இழப்பும் இல்லை. கிடைக்கக்கூடியதை மேலே வைத்துவிட்டால், ஆசைப்பட்டது காலியாக இருந்தாலும் உங்களுக்கு வராது. பெரிய பட்டியலாகப் போடுங்கள், உண்மையான ஆசை வரிசையில் போடுங்கள். பாடப் பெயருக்குப் பின்னால் எஸ்.எஸ். என்று இருந்தால் அது சுயநிதி இடம்: வகுப்பும் பட்டமும் அதே, கட்டணம் கூடுதல். தற்காலிக ஒதுக்கீடு வந்தபின் "ஏற்றுக்கொள்கிறேன், மேலே காலியானால் மாற்றுங்கள்" என்ற தேர்வை விட்டுவிட்டு அவசரத்தில் வேறொன்றை அழுத்திச் சிக்குவதும் நடக்கிறது. உறுதி செய்யும் கெடு குறுகியது. அந்த நாட்களில் ஊருக்குப் போகாதீர்கள்.

நான்கு வளாகத்துக்கு வெளியே இணைப்புக் கல்லூரி பார்க்கிறவர்களுக்கு ஒரு நல்ல ஆவணம் இருக்கிறது. தன்னாட்சி இல்லாத கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை அண்ணா பல்கலைக்கழகம் பருவந்தோறும் வெளியிடுகிறது. ஒரு பருவத்தை மட்டும் பார்க்காமல் நாலைந்து பருவங்களை அடுக்கிப் பார்த்தால் கல்லூரியின் நிலை தெளிவாகத் தெரியும். தன்னாட்சி பெற்றவை இந்தப் பட்டியலில் வராது. அவர்களே தேர்வு வைத்து அவர்களே திருத்துவதால் அங்கே தேர்ச்சி விழுக்காட்டைச் சான்றாகக் கொள்ள முடியாது. சுயநிதிக் கல்லூரிகளில் எஸ்.எஸ்.என். நீண்ட காலமாக முன்வரிசையில் நிற்கிறது. வளாகக் கல்லூரிகளில் விரும்பிய துறை கிடைக்காதவர் அதை அடுத்து வைப்பது நியாயமே.

ஐ.ஐ.டி. மெட்ராஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1959இல் மேற்கு ஜெர்மனி உதவியோடு தொடங்கியது. தேசியத் தரவரிசையின் (என்.ஐ.ஆர்.எஃப்.) ஒட்டுமொத்தப் பட்டியலில் 2019 முதல் 2025 வரை தொடர்ந்து முதலிடம். கடல்சார் பொறியியல் போன்ற அரிய துறைகள், 'சக்தி' நுண்செயலி, மின்சார ஸ்கூட்டர் செய்யும் ஏத்தர், ராக்கெட் செய்யும் அக்னிகுல் நிறுவனங்கள் என்று ஆய்வையும் தொழிலையும் இணைப்பதில் நகரத்தின் மற்ற நிறுவனங்கள் வெகுதூரம் பின்னால் நிற்கின்றன. பி.டெக். சேர ஜே.இ.இ. அட்வான்ஸ்டு நுழைவுத் தேர்வு ஒன்றே பொதுவழி.

அந்தத் தேர்வு எழுதாதவர்களுக்கு ஐ.ஐ.டி. மெட்ராஸ் நடத்தும் இணையவழி பி.எஸ். தரவு அறிவியல் படிப்பு பற்றித்தான் கேள்விகள் அதிகம். நான்கு வாரப் பாடம், வாரப் பயிற்சிகள், பிறகு நேரில் எழுதும் தகுதித் தேர்வு. தேறினால் அடிப்படை நிலை, டிப்ளமோ, பி.எஸ்சி., பி.எஸ். என்று படிப்படியாக ஏறலாம். எந்தப் படியிலும் அதற்குரிய சான்றிதழோடு வெளியேறலாம். பாடம் வீட்டிலிருந்து, தேர்வு நேரில். சேர்வது எளிது, தாக்குப்பிடிப்பது கடினம். வாரப் பயிற்சியைத் தள்ளிப்போட்டால் தேர்வெழுதும் தகுதியே போய்விடும். இன்னொரு பட்டத்தோடு சேர்த்துப் படிப்பவர்கள் முதல் பருவத்தில் இரண்டு பாடங்களுக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது. குடும்ப வருமானத்தையும் வகுப்பையும் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. இந்தப் பட்டம் மதிப்பானது. ஆனால் வளாக பி.டெக். மாணவருக்கு நடக்கும் வேலைவாய்ப்பு முகாம் இதற்கும் சேர்த்து நடப்பதில்லை.

கணிதத்தின் மேல் உண்மையான காதல் இருப்பவர் இவை எதையும் பார்க்காமல் சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகத்தைப் பார்க்க வேண்டும். சி.எஸ். சேஷாத்ரி 1989இல் தொடங்கியது. சின்ன வளாகம், சிறிய வகுப்பு, தனி நுழைவுத் தேர்வு. அதன் இரண்டாம் பகுதியில் விடையைத் தேர்ந்தெடுத்தால் போதாது, நிறுவிக் காட்ட வேண்டும். ஜே.இ.இ. பயிற்சி மட்டும் பெற்றவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். ஒலிம்பியாட் பாணிக் கணக்குகளைப் போட்டுப் பழகியவர்கள் தேறுகிறார்கள்.

மருத்துவம், கால்நடை மருத்துவம் ஆகியவற்றில் பல்கலைக்கழக ஒப்பீட்டுக்கே பெரிய இடமில்லை. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் தேர்வும் பட்டமும் தருவது. படிப்பின் தரம் சென்னை மருத்துவக் கல்லூரி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் என்று கல்லூரிக்கும் அதன் மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளின் கூட்டத்துக்கும் உரியது. கால்நடை மருத்துவத்துக்கு 1903இல் தொடங்கிய வேப்பேரிக் கல்லூரியே இன்றும் முதல் தேர்வு. சட்டத்தில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளிக்கும் இணைப்புக் கல்லூரிகளுக்கும் வேறுபாடு பெரிது. விண்ணப்பத்தில் இரண்டையும் குழப்பாதீர்கள்.

கடைசியாகத் தனியார் பல்கலைக்கழகங்கள்: காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., வி.ஐ.டி. சென்னை வளாகம், சத்தியபாமா, சவீதா, போரூர் ராமச்சந்திரா, ஷிவ் நாடார் முதலியவை. ராமச்சந்திராவின் மருத்துவமும் துணை மருத்துவப் படிப்புகளும் உறுதியானவை. பொறியியலில் எஸ்.ஆர்.எம்., வி.ஐ.டி. இரண்டும் வசதியிலும் நிறுவனங்களை வரவழைப்பதிலும் கெட்டிக்காரர்கள். ஆனால் ஒரே துறையில் ஏராளமான பிரிவுகள் நடப்பதால், ஆசிரியர் யார் என்பது உங்கள் பிரிவைப் பொறுத்தது. விளம்பரத்தில் வரும் "அதிகபட்ச சம்பளம்" ஒரு மாணவருடையது. தேசியத் தரவரிசைக்காக ஒவ்வொரு நிறுவனமும் சமர்ப்பித்த தரவு அதன் இணையதளத்தில் பி.டி.எஃப். கோப்பாகக் கிடைக்கும். அதில் இளநிலை நான்காண்டு என்ற வரியைத் தேடுங்கள். சேர்ந்தவர், குறித்த காலத்தில் முடித்தவர், வேலை பெற்றவர், இடைநிலைச் (மீடியன்) சம்பளம் முதலிய எண்கள் இருக்கும். முடித்தவரைச் சேர்ந்தவரால் வகுத்துப் பாருங்கள். அது எல்லாத் துறைகளுக்கும் சேர்த்த எண் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை, அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு ஆகியவை பொறியியலில் அரசுக் கவுன்சிலிங் வழியே கிடைக்கும் இடங்களுக்கு உரியவை. மேலே சொன்ன தனியார், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் நேரடியாகச் சேர்ந்தால் கிடையாது. கவுன்சிலிங் முடியும் முன்பே பயத்தில் அங்கே பணம் கட்டிவிட்டால், 2018ஆம் ஆண்டு யு.ஜி.சி. அறிவிப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாட்களோ அதற்கும் மேலோ இருக்கும்போது விலகினால் முழுக் கட்டணம் திரும்ப வேண்டும்; கையாளும் செலவாக 5 விழுக்காடு வரை, அதிகபட்சம் 5,000 ரூபாய் பிடிக்கலாம். 15 நாட்களுக்குள் என்றால் 90 விழுக்காடு, கடைசி நாளுக்குப் பின் 15 நாட்களுக்குள் 80, அதன்பின் 30 நாள் வரை 50, அதற்கும் மேல் எதுவும் இல்லை. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை எந்த நிறுவனத்துக்கும் கிடையாது. சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும். விலகும் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள், நாள் பதிவாகும்.