பழைய செஸ்னாவின் ஃபிளாப்: புதிதா, காயலாங்கடையா, ராணிப்பேட்டை லேத்தா?

பழைய சிறு விமானம் ஒன்றைப் பறக்கும் நிலையில் வைத்திருக்க விரும்புகிறவர்களிடம் ஃபிளாப் (தரையிறங்கும்போது வேகம் குறைக்க, இறக்கையின் பின்விளிம்பிலிருந்து கீழே இறக்கும் மடல்) பற்றிப் பேச்செடுத்தால், அது உடனே ‘எங்கே வாங்குவது?’ என்பதில் போய் நிற்கிறது. தயாரித்த நிறுவனத்திடமா, அங்கீகாரம் பெற்ற மாற்றுப் பாகமா, அமெரிக்க விமானக் காயலாங்கடையா, இருப்பதையே ஓவர்ஹால் செய்வதா, சிப்காட் பக்கம் ஒரு லேத் பட்டறையில் கடைந்துகொள்வதா? கடையைத் தேடும் முன் பாகத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஃபிளாப்பைத் தடத்தில் ஓடவிடும் ரோலருக்குச் சரியான வழி, அசைவைத் திசைமாற்றும் நெம்பான பெல்கிராங்குக்கு வீண்செலவாகலாம், சுழற்சியை நேர் அசைவாக்கும் திருகுத்தண்டான ஜாக்ஸ்குரூவுக்கு ஆபத்தாகலாம்.

செஸ்னா 150 விமானத்தை எடுத்துக்கொள்வோம். 1965 மாதிரி வரை விமானி கைநெம்புகோலை இழுத்துத்தான் ஃபிளாப்பை இறக்கினார். 1966 மாதிரியிலிருந்து மின்மோட்டார் வந்தது. மோட்டார் ஜாக்ஸ்குரூவைச் சுழற்றும். ஜாக்ஸ்குரூ பெல்கிராங்கை அசைக்கும். அதே அசைவைக் கேபிள்கள் புல்லிகளின் வழியே அடுத்த இறக்கைக்குக் கொண்டுபோகும். இந்த இணைப்பு எங்காவது விட்டுப்போனால் ஒரு பக்க ஃபிளாப் மட்டும் இறங்கி நிற்க, விமானம் புரளப் பார்க்கும். பைப்பர் செரோக்கியில் வேலை சுலபம்: இருக்கைகளுக்கு நடுவே லீவர், அதன் பின்னால் ஒரு கேபிள், டார்க் டியூப் (முறுக்கைக் கடத்தும் குழாய்), புஷ்ராடு (தள்ளுதண்டு), அவ்வளவுதான். பராமரிப்பை மட்டும் வைத்துக் கேட்டால் நான் செரோக்கியைத்தான் சொல்வேன்.

ரோலர், புஷ் (அச்சைச் சுற்றி நிற்கும் உலோக உறை), கேபிள் ஆகிய தேயும் பாகங்களைப் புதிதாகத்தான் வாங்க வேண்டும். ஃபிளாப்பை இறக்கிவிட்டு அதன் பின்விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் மெல்ல அசைத்துப் பாருங்கள். டக் டக்கென்று ஆட்டம் தெரிந்தால் ரோலரைக் கழற்றி, விரலால் சுழற்றிப் பார்க்க வேண்டும். சுழலாமல் இறுகிப்போன ரோலர் தான் ஓடும் தடத்தையே அராவித் தின்றுவிடும். மலிவான ரோலரை மாற்றாமல் விட்டவர் விலையுயர்ந்த தடத்தை மாற்ற நேரும். கேபிளின் மேல் ஒரு துணியை ஓட்டினால் அறுந்த இழை துணியில் மாட்டும். புல்லியில் வளைகிற இடத்தில்தான் இழை முதலில் அறும் என்பதால் அங்கே இருமுறை பார்க்க வேண்டும். 150 விமானத்தின் உற்பத்தி 1977இல் நின்றுபோனது. தாய் நிறுவனத்திடம் காத்திருப்பதைவிட, கான்சாஸ் மாநிலத்து மெக்ஃபார்லேன் போன்ற நிறுவனங்கள் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏவின் அங்கீகாரத்துடன் செய்யும் கேபிள்களை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

பெல்கிராங்க், தாங்கிகள் (பிராக்கெட்), டார்க் டியூப் போன்றவை தேய்வதைவிட விரிசலாலும் அரிப்பாலும் கெடுபவை. இவற்றுக்குக் காயலாங்கடை நல்ல வழி. அரிசோனாவின் வறண்ட பாலைவனத்தில் கிடந்த விமானத்தின் பாகம், கடற்காற்றில் நின்ற விமானத்தின் பாகத்தைவிடப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் ‘பாகம் நல்ல நிலையில் இருக்கிறது’ என்று சொல்லும் மஞ்சள் அட்டை தொங்குகிறது என்று நம்பி வாங்கக் கூடாது. அது எழுதியவரின் குறிப்பே தவிர எஃப்ஏஏ படிவம் அல்ல. பாகம் பறக்கத் தகுந்தது என்று சான்றளிக்கும் எஃப்ஏஏ 8130-3 படிவமோ அதற்கு இணையான சான்றோ வேண்டும். வந்த பின் சாயச் சோதனையும் வேண்டும். பாகத்தைச் சுத்தம் செய்து, சிவப்புச் சாயம் பூசி, ஊற விட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பர் தெளித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் மயிரிழை போலச் சிவப்புக் கோடு கசிந்து எழும். போல்ட் துளையின் ஓரத்தை முதலில் பாருங்கள். கோடு தெரிந்தால் பேச்சே இல்லை, பாகம் குப்பைக்குத்தான்.

ஜாக்ஸ்குரூவைக் காயலாங்கடையில் வாங்குவதை நான் அறவே எதிர்க்கிறேன். அதன் தேய்மானம் நட்டுக்குள் ஒளிந்திருக்கும். வெளியே பளபளப்பாகத்தான் தெரியும். 150 விமானத்தின் ஃபிளாப் 40 டிகிரி வரை இறங்கும். பின்வந்த 152இல் அதை 30 டிகிரியாகக் குறைத்தார்கள். 40 டிகிரியில் இறங்கிய ஃபிளாப் மேலேறாமல் சிக்கிக்கொண்டால், மீண்டும் எழும்ப நினைக்கும் விமானி அந்தச் சிறு இன்ஜினை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டியதுதான். ஆகவே இருப்பதை அங்கீகாரம் பெற்ற பட்டறையில் ஓவர்ஹால் செய்யுங்கள். நம் பக்கத்துப் புழுதி கிரீஸோடு கலந்தால் அரைக்கும் பசையாகிவிடும். பழைய கிரீஸைத் துடைக்காமல் அதன் மேலேயே புதியதை அப்புவது ஜாக்ஸ்குரூவுக்குச் செய்யும் கெடுதல்.

அடுத்தது லேத். பெல் (பிஎச்இஎல்) நிறுவனத்துக்கு வேலை செய்து பழகிய ராணிப்பேட்டைப் பட்டறைகளின் கைத்திறன் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அளவு பிசகாமல் ஒரு வெண்கலப் புஷ்ஷை மேஸ்திரி மாலைக்குள் கடைந்து கொடுத்துவிடுவார். ஆனால் அந்த உலோகம் எந்த ஆலையில் உருக்கி வார்த்தது என்ற சான்று இருக்காது. தன் விமானத்துக்கான பாகத்தை உரிமையாளரே செய்துகொள்ள அமெரிக்க விதியில் இடம் உண்டு. விடி என்ற இந்தியப் பதிவெழுத்துடன் நிற்கும் நம் விமானத்துக்கு அதைக் காட்டிப் பயனில்லை. இங்கே விமானப் பராமரிப்பு விதியான சிஏஆர் 145இன் அங்கீகாரம் உள்ள நிறுவனம், தன் நடைமுறை ஏட்டில் எழுதி ஏற்கப்பட்ட வரம்புக்குள் மட்டும், தன் பணிக்காகச் சில பாகங்களைச் செய்துகொள்ளலாம். மேஸ்திரியிடம் புஷ் கழற்றும் கருவியையும் ஃபிளாப் கோணம் அளக்கும் பலகையையும் செய்யச் சொல்லுங்கள். அவை விமானத்தோடு பறக்கப்போவதில்லை.

இறக்குமதி வரி முன்போல் குழப்பமாக இல்லை. 2024 ஜூலை 15 முதல் விமானப் பாகங்களுக்கு ஐஜிஎஸ்டி ஒரே சீராக 5 சதவீதம்.

எந்த வழியில் வாங்கினாலும், பொருத்தியபின் கேபிளின் இழுவிசையைச் சரிபார்க்க வேண்டும். அலுமினியம் வெப்பத்தில் எஃகைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரியும். கத்திரி வெயிலில் வேலூர் அருகே அப்துல்லாபுரம் ஓடுதளத்தில் நிற்கும் விமானத்தின் உடல் நீள, அதற்குள் ஓடும் எஃகுக் கேபிள் இறுகிக்கொள்ளும். வெயிலில் நிற்கும்போதே, கேபிளை இறுக்கித் தளர்த்தும் டர்ன்பக்கிளைத் திருகி இழுவிசையை அமைத்தால், மார்கழிக் காலையில் அது தளர்ந்து கிடக்கும். விமானத்தை நிழலுக்குத் தள்ளி, உடலும் கேபிளும் ஒரே வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருந்து, கையேட்டு அட்டவணையைப் பார்த்துத் திருகுங்கள். கடைசியில் டர்ன்பக்கிள் தானாகக் கழலாமல் பூட்டும் பாதுகாப்புக் கம்பியைப் போட மறக்காதீர்கள்.