மான்ஸ்ஃபெல்ட் தாலர்: தேடி வாங்கத் தகுந்த வெள்ளி

16ஆம் நூற்றாண்டுச் சிறு ஜெர்மன் அரசுகளின் வெள்ளியைச் சேர்க்க நினைப்பவர் முதலில் வாங்க வேண்டியது, மான்ஸ்ஃபெல்ட் பிரபுக் குடும்பம் அச்சிட்ட தாலர் என்னும் இந்தப் பெரிய வெள்ளிக் காசையே. ஒரு பக்கம் டிராகனை வீழ்த்தும் புனித ஜார்ஜ். பாயும் குதிரையின் செதுக்கல் அபாரம். பல பிரபுக்களின் பெயர்கள் ஒரே காசில் வரும். குடும்பக் கிளைகள் சேர்ந்து அச்சிட்டவை அவை.

புனித ரோமானியப் பேரரசின் 1566ஆம் ஆண்டு நாணய விதிப்படி எடை 29.23 கிராம், வெள்ளி ஆயிரத்துக்கு 889 பங்கு. தேய்ந்த காசு 28 கிராம் இருந்தாலும் ஏற்கலாம். தராசில் நீர்க்குவளையை வைத்து, தராசு காட்டும் அளவைப் பூச்சியமாக்கி, நூலில் கட்டிய காசை அடிதொடாமல் முழுக்குங்கள்: முழு எடைக் காசுக்குச் சுமார் 2.8 கிராம் காட்டும். 3.1 காட்டினால் கலப்பட வார்ப்பாக இருக்கலாம்.

பெரிய குறை, விளிம்பு. தாயத்தாக அணிய வளையம் பற்றவைத்து, பின்னர் அராவி எடுத்த காசுகள் ஏராளம். ஜார்ஜின் தலைக்கு மேலே விளிம்பை உருப்பெருக்கியில் பாருங்கள். தடம் தெரிந்தால் முழு விலை கொடுக்காதீர்கள்.