படேவியா பழக்கடை ஓவியம்: கோப்பு அருமை, சொதப்புவது ப்ரிண்டில்தான்

ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியம் தன்னிடமுள்ள பழைய ஓவியங்களைப் பெரிய அளவு படக் கோப்பாகவே இலவசமாக இறக்கிக்கொள்ள விடுகிறது. காப்புரிமைக் காலம் முடிந்தவை என்பதால் ஜூஸ் கடைச் சுவரில் மாட்டினாலும், துணிப்பையில் அச்சடித்து விற்றாலும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இந்தச் சேவைக்குக் குறை சொல்ல ஏதுமில்லை.

அங்கே இருக்கிற பழக்கடை ஓவியம் 17ஆம் நூற்றாண்டு டச்சு எண்ணெய் ஓவியம். இடம் படேவியா, இன்றைய ஜகார்த்தா. வாழைப்பழம், தேங்காய், டுரியான் என்று கடை நிறைந்து கிடக்கிறது. கூடவே ஒரு வெள்ளைக் கொண்டைக்கிளி. அசல் 174.5 செ.மீ. அகலம், 106 செ.மீ. உயரம். இந்தக் கணக்கைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், வம்பு தொடங்குவதே இதில்தான்.

கடைகளில் தயாராகக் கிடைக்கும் ப்ரேம் 24க்கு 36 அங்குலம். 36 அங்குல அகலத்துக்கு இந்தப் படத்தின் சரியான உயரம் 22 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ப்ரேமை நிரப்பப் பெரிதாக்கினால் அகலத்தில் மூன்றரை அங்குலம் வெட்டுப்படும், ஓரத்துப் பழங்கள் போச்சு. உயரத்தை மட்டும் இழுத்தால் இன்னும் மோசம்: உருண்டைத் தேங்காயெல்லாம் முட்டையாகிவிடும். மேலும் கீழும் ஓர் அங்குலம் வெள்ளை விடச் சொல்லுங்கள். இல்லையென்றால் ப்ரேமை அளவு கொடுத்துச் செய்யுங்கள்.

36 அங்குல அகலத்துக்கு 200 டி.பி.ஐ. (ஓர் அங்குலத்துக்கு 200 புள்ளி) வேண்டுமானால் கோப்பு 7,200 பிக்சல் அகலம் இருக்க வேண்டும். தள்ளி நின்று பார்க்கிற சுவருக்கு 5,400 போதும். கோப்பைப் பென்டிரைவில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும்; டாகுமென்ட்டாக அனுப்பினால் தப்பிக்கும்.

அடுத்தது நிறம். படத்தின் இருண்ட பகுதிகள் திரையில் பழுப்பாகத் தெரியும், தாளில் ஒரே கறுப்பாக அப்பிக்கொள்ளும். நிழல் பகுதியை மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக்கி, கொண்டைக்கிளியும் இருட்டும் சேர்ந்து வரும் ஒரு துண்டை 8க்கு 10 அங்குலத்தில் டெஸ்ட் ப்ரிண்ட் எடுத்துப் பாருங்கள். அந்தக் கிளிதான் அளவுகோல். பழைய எண்ணெய் ஓவியத்தில் வெள்ளை லேசாகப் பழுப்பேறித்தான் இருக்கும். அதைத் தூய வெள்ளையாக்குகிறேன் என்று ஆபரேட்டர் 'ஆட்டோ கலர்' தட்டினால் மஞ்சள் எல்லாம் வெளிறி, பழம் காயாகிவிடும். தட்ட விடாதீர்கள்.

அசல் கேன்வாஸ் என்பதற்காகக் கேன்வாஸ் ப்ரிண்ட்தான் வேண்டுமென்பதில்லை. ஒன்றரை அங்குலக் கட்டையில் மடித்து அடிக்கும்போது நான்கு பக்கமும் அந்த அளவு படம் உள்ளே போய்விடும். விளிம்பைக் கண்ணாடிப் பிம்பம்போல நீட்டித் தந்தால் மட்டும் பரவாயில்லை. நம் தேர்வு 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள, பளபளப்பில்லாத மேட் காட்டன் தாள், நிறத்தூள் கலந்த பிக்மென்ட் மை. பளபளத் தாளில் இருண்ட பகுதி ட்யூப்லைட்டைத்தான் காட்டும்.

பெயர்ச்சீட்டு வைத்தால் டச்சு ஓவியர் பெயரோடு 'ஆல்பர்ட் எக்ஹவுட் வரைந்ததாகக் கருதப்படுவது' என்று போடுங்கள், 'நேரில் கண்டு வரைந்தது' என்று வேண்டாம். 1637 முதல் 1644 வரை அந்த மனிதர் இருந்தது பிரேசிலில், படேவியாவில் அல்ல.