வௌவால் பார்க்கும் மாலை நிகழ்ச்சிக்குப் பணம் கட்டும் முன்

பழங்கால மாளிகை ஒன்றில் வழிகாட்டியோடு வௌவால் பார்க்கலாம் என்ற விளம்பரத்தை நம்பிக் குடும்பத்தோடு போனோம். ஆளுக்கொரு டிடெக்டர் (நம் காதுக்கு எட்டாத வௌவால் சத்தத்தைக் கேட்கவைக்கும் கருவி) தருவோம், விஷயம் தெரிந்த ஆய்வாளர் கூடவே வருவார், கூட்டமாகக் கிளம்புவதை நேரில் பார்க்கலாம் என்றார்கள். மூன்றுமே பொய்.

பூச்சி தின்னும் வௌவால்களில் பல, பொழுது சாய்ந்த அரை மணி நேரத்துக்குள் கிளம்பிவிடும். அந்த நேரத்தில் எங்களைக் கூடத்தில் உட்காரவைத்து மாளிகையின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வெளியே விட்டபோது நன்றாக இருட்டிவிட்டது.

டிடெக்டர் மொத்தக் கூட்டத்துக்கும் ஒன்றுதான். வழிகாட்டி கையில் இருந்த அதன் முள் 20 கிலோஹெர்ட்ஸிலேயே நின்றது. சின்ன வௌவால்கள் பல 40, 50 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கத்துபவை. இந்த மாதிரிக் கருவியில் அந்த அலைவரிசைக்கு அருகே திருப்பினால்தான் 'டிக் டிக்' என்று கேட்கும். "கொஞ்சம் திருப்பிப் பாருங்களேன்" என்றேன். "இன்னிக்கு வௌவால் இல்லைங்க" என்றார். அவர் தலைக்கு மேலேயே ஒன்று வட்டமடித்துக்கொண்டிருந்தது.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து செய்ததுதான் மனசு ஆறவில்லை. யாரும் ஏமாந்து போகக்கூடாதென்று கூரைக்கு அடியில் இருந்த பரணுக்கே கூட்டிப்போனார். தாய்கள் இரை தேடப் போயிருக்க, சரியாக ரோமம்கூட முளைக்காத குட்டிகள் உத்தரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. அவற்றின் மேல் வெள்ளை டார்ச்சை அடித்து, "போட்டோ எடுத்துக்கோங்க" என்றார். ஃபிளாஷ் மாறி மாறி மின்னியது. ஒருவர் வெறுங்கையால் தொடப் போனார், நான்தான் தடுத்தேன். வௌவால் கடித்தால் ரேபிஸ் வர வாய்ப்புண்டு என்பதைக்கூட வழிகாட்டி சொல்லவில்லை. பெரும்பாலான இனங்களில் ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டிதான். இப்படித் தொந்தரவு செய்தால் தாய் அந்த இடத்தையே விட்டுப் போய்விடலாம். குட்டியைக் கைவிடவும் கூடும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "காட்டுயிர் வருவது எங்கள் கையில் இல்லை" என்று பதில். நியாயம்தான், மழையிலும் பலத்த காற்றிலும் யாராலும் உறுதி தர முடியாது. ஆனால் டிடெக்டர் அவர்கள் கையில்தானே இருந்தது?

அந்த நிகழ்ச்சிக்கு இன்னும் முன்பதிவு நடக்கிறது. இது போன்ற எதற்குப் போவதாக இருந்தாலும், வௌவால் வெளியேறும் இடத்தில் எத்தனை மணிக்கு உங்களை நிற்கவைப்பார்கள், டிடெக்டர் எத்தனை, என்ன விளக்கு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மங்கலான சிவப்பு விளக்கு, வெளியே நின்று பார்ப்பது என்றால் போகலாம். வௌவால் தங்குமிடத்துக்குள்ளேயே கூட்டிப்போவோம் என்றால் பணம் கட்டாதீர்கள்.