பி.யூ. பாலிஷ்னு காசு வாங்கிட்டு என்.சி. லாக்கர் அடிச்சுக் குடுத்துட்டாங்க, பழைய மேஜை வச்சிருக்கவங்க உஷார்

மதுரையில பழைய தேக்கு சாமான் பாலிஷ் போட குடுக்கப் போறவங்க யாராச்சும் இருந்தா இதைப் படிச்சிட்டு குடுங்க. பி.யூ.ன்னா பாலியூரித்தேன், சூடு தண்ணி ஓரளவு தாங்குற பாலிஷ்; என்.சி. லாக்கர்னா நைட்ரோசெல்லுலோஸ், அதை விட விலை கம்மியான பாலிஷ். பட்டறை பேர் போடல, கேஸ் பேச்சு ஓடிட்டு இருக்கு.

மேஜை எங்க தாத்தாவோடது. காரைக்குடியில ஒரு செட்டியார் வீட்ல கணக்கப்பிள்ளையா இருந்தாரு, அந்த வீட்டு சாமான்லாம் வித்தப்ப வாங்கிட்டு வந்தது. நல்ல பர்மா தேக்கு, 6 அடிக்கு 3 அடி, நாலு பேர் இல்லாம நகராது. ரெண்டு டிராயர், பித்தளைக் குமிழ். அப்பாவுக்கு அப்புறம் எங்க வீட்டுக்கு வந்துச்சு, இதையே சாப்பாட்டு மேஜையா வச்சிக்கலாம், பசங்களும் இதுலயே படிக்கட்டும்னு முடிவு பண்ணோம். மேல இருந்தது அந்தக் காலத்து பிரெஞ்ச் பாலிஷ், அதாவது ஸ்பிரிட்ல அரக்கு கரைச்சுப் பூசுறது, பாக்க அழகா இருக்கும் ஆனா சூடு தண்ணி ரெண்டும் ஆகாது, டம்ளர் வச்ச இடமெல்லாம் வெள்ளை வட்டம். அதனாலதான் பி.யூ. கேட்டோம். பட்டறைக்காரரும் "சார், பி.யூ. போட்டா கொதிக்கிற சட்டியை வச்சாலும் ஒண்ணும் ஆகாது"ன்னாரு (பி.யூ.வே அவ்வளவு தாங்காதுங்க, அடியில ஏதாச்சும் போட்டுத்தான் ஆகணும், ஆனா வியாபாரப் பேச்சு அப்படித்தான் இருக்கும்). 14,000 பேசி, 8,000 அட்வான்ஸ் வாங்கிக்கிட்டு வண்டியில ஏத்திட்டுப் போனாரு.

திரும்பி வந்தப்ப பளபளன்னு கண்ணாடி மாதிரி இருந்துச்சு, வீட்ல எல்லாருக்கும் சந்தோஷம், பாக்கிக் காசையும் வாங்கிட்டுப் போயிட்டாரு. சாயங்காலம் ஜன்னல் வெளிச்சம் சாய்வா விழுந்தப்பதான் மேல் பலகை பூரா வட்ட வட்டமா கீறல் தெரியுது. மர ரேகை ஓடுற பக்கமா உப்புத்தாளைக் கையால 120, 180, 220 நம்பர்னு படிப்படியா தேய்க்க வேண்டியதை, கிரைண்டர்ல டிஸ்க் மாட்டி ஒரே ஓட்டா ஓட்டிட்டு அது மேலயே பட்டி, கலர், பாலிஷ்.

அதுகூட பரவாயில்லன்னு விட்டிருப்போம். அடுத்த வாரம் துணியை நல்லா மடிச்சுப் போட்டு அது மேல குழம்புச் சட்டியை வச்சாங்க, எடுத்தப்ப துணி மேஜையோட ஒட்டிக்கிச்சு, பிரிச்சா துணியோட நெசவு அப்படியே பாலிஷ்ல அச்சு விழுந்திருக்கு! பட்டறைக்கு போன் பண்ணா "மழைக்காலம் சார், ஒரு மாசத்துல செட் ஆயிடும்"னு பதில். பி.யூ.ங்கறது ஹார்ட்னர் (பாலிஷை இறுக வைக்கிற கெமிக்கல்) கலந்து அடிக்கிறது, ஒருதடவை முழுசா இறுகிட்டா சூட்டுக்கு இப்படி இளகாது.

தெருவுல ஒரு வயசான ஆசாரி இருக்காரு, அவரைக் கூட்டிட்டு வந்து காட்டினேன். மனுஷன் ஒண்ணும் பேசல, பஞ்சுல கொஞ்சம் என்.சி. தின்னர் தொட்டு மேஜைக்கு அடிப்பக்கம் ஒரு ஓரத்துல தேய்ச்சாரு, பாலிஷ் கலரோட கரைஞ்சு பஞ்சுல வந்துடுச்சு. "தம்பி, இது பி.யூ. இல்ல, லாக்கர். நல்லா இறுகின பி.யூ.வா இருந்தா இப்படி கரையாது"ன்னாரு. ரெண்டுக்கும் விலை வித்தியாசம் கொஞ்சநஞ்சம் இல்ல. அவரே டிராயரை இழுத்துப் பாத்துட்டு "குமிழ் இதேவா இருந்துச்சு?"ன்னு கேட்டாரு. பையனோட காந்தத்தை வச்சா டக்குன்னு ஒட்டுது. பித்தளையில காந்தம் ஒட்டவே ஒட்டாது. பழைய குமிழை உருவிட்டு அதே சைஸ்ல இரும்புல முலாம் பூசினதை மாட்டி அனுப்பியிருக்காங்க. எனக்கு பாலிஷை விட இதுலதான் வயிறு எரியுது, பாலிஷ் திரும்பப் போட்டுக்கலாம், அந்தக் குமிழுக்கு எங்க போறது.

பட்டறைக்கு நேர்ல போய் கேட்டதுக்கு "நீங்க குடுத்ததே அதுதான்"னு சாதிக்கிறாரு. நல்லவேளை மேஜை ஊர்ல இருந்து வந்தன்னிக்கு பசங்க எடுத்த போட்டோ இருக்கு, பி.யூ.ன்னு அவர் அனுப்பின வாட்ஸாப் வாய்ஸும் இருக்கு. பில்லுன்னு குடுத்த துண்டுச்சீட்டுல வெறும் "பாலிஷ் வேலை"ன்னுதான் எழுதியிருக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி புகார் பதிஞ்சிருக்கேன், அதுல சரியாகலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். பொருளுக்கோ வேலைக்கோ நாம குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா அங்க புகாருக்கு பீஸ் கிடையாது, 2 வருஷத்துக்குள்ள போடணும், அவ்வளவுதான். வக்கீல் வைக்காமலும் நாமளே போடலாம்.

நீங்க குடுக்குறதா இருந்தா முடிஞ்சவரை வேலையை வீட்லயே வச்சு செய்யச் சொல்லுங்க, பித்தளை சாமானைக் கழட்டி நீங்களே எடுத்து வச்சிக்கோங்க, சீலர் (அடிப்பூச்சு), டாப் கோட் (மேல்பூச்சு), ஹார்ட்னர், பி.யூ. தின்னர் எல்லாம் சீல் பிரிக்காத டின்னா உங்க கண்ணு முன்னாடி திறக்கட்டும். பாக்கிக் காசை அந்த தின்னர் பஞ்சு டெஸ்ட் பண்ணிட்டுக் குடுங்க, ஆனா பாலிஷ் நல்லா இறுக ஒரு வாரமாவது விட்டுட்டுப் பண்ணணும், இல்லன்னா நல்ல பி.யூ.வே மங்கிப் போயிடும்.

இப்போதைக்கு மேஜையில தடிமனா விரிப்பு போட்டுத்தான் சாப்பிடுறோம். மழை விட்டதும் அந்த ஆசாரியே வந்து எல்லாத்தையும் சுரண்டி எடுத்துட்டு முதல்ல இருந்து பண்ணித் தரேன்னிருக்காரு, டின் நாங்க வாங்கிக் குடுக்கிறது, அவருக்கு கூலி மட்டும்.