‘மருத்துவமனை டேட்டா’ என்று சொல்லி 7,500 ரூபாய் வாங்கும் இன்டர்ன்ஷிப்: பணம் கட்டும் முன் படியுங்கள்

மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் ஓர் இன்டர்ன்ஷிப் சான்றிதழ் காட்டியே ஆக வேண்டும் என்பது எங்கள் கல்லூரி விதி. இந்த விதியை வைத்தே ஒரு கூட்டம் பிழைக்கிறது. “ஹெல்த் டேட்டா சயின்ஸ் ரிசர்ச் இன்டர்ன்ஷிப், நிஜ மருத்துவமனை டேட்டா, பேப்பர் வெளியீடு உறுதி” என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய போஸ்டரைப் பார்த்து நானும் வகுப்பு நண்பர்கள் இருவரும் சேர்ந்தோம். பதிவுக் கட்டணம் ஆளுக்கு 7,500 ரூபாய்.

முதலில் பைதான் என்ற நிரல்மொழியின் அடிப்படை நடத்தினார்கள். யூடியூபில் கிடைப்பதுதான். சரி, போகட்டும். அப்புறம் ‘தென் மாவட்ட மருத்துவமனை ஒன்றின் சர்க்கரை நோயாளிகள்’ என்று ஓர் எக்செல் கோப்பைக் குழுவில் போட்டார்கள். ரகசியமாம், வெளியே யாருக்கும் அனுப்பக் கூடாதாம். திறந்தால் 768 வரிசை. முதல் வரிசையில் 148, 72, 35, 0, 33.6. மெஷின் லேர்னிங் கொஞ்சம் படித்தவர்களுக்கே தெரியும், இது பிமா டேட்டாசெட். அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தின் பீனிக்ஸ் நகருக்குப் பக்கத்தில் வாழும் பிமா பழங்குடிப் பெண்களுடைய விவரம். டேட்டா பகிரும் இணையதளமான காகிளில் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். எத்தனை முறை கர்ப்பம் என்று இருக்கும் முதல் பத்தியைத் தூக்கியதுதான் இவர்கள் செய்த ஒரே வேலை. அது இருந்தால் 768 பேரும் பெண்கள் என்று தெரிந்துவிடுமே!

“சார், 35 பேருக்கு ரத்த அழுத்தம் பூஜ்யம்னு இருக்கே?” என்று கேட்டேன்.

“மிஸ்ஸிங் வேல்யூ தம்பி. சராசரியைப் போட்டு நிரப்பிடுங்க.”

“அப்போ எத்திக்ஸ் கமிட்டி அனுமதி எண் கொடுங்க சார், ரிப்போர்ட்ல போடணும்.”

ப்ளூ டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுநாள் என்னைக் குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள். உள்ளே இருந்த நண்பர்களிடம் பேப்பருக்கென்று தனியாக 4,500 கேட்டிருக்கிறார்கள். அந்தப் பேப்பரில் முன்பின் தெரியாத மூன்று பேரின் பெயர் வேறு.

நிஜ நோயாளி விவரம் இப்படி வாட்ஸ்அப்பில் வராது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி, நோயாளிகளின் விவரத்தை வைத்துச் செய்யும் ஆராய்ச்சி எத்திக்ஸ் கமிட்டி, அதாவது அது நெறிமுறைப்படி இருக்கிறதா என்று சரிபார்க்கும் குழுவின் பார்வைக்குப் போக வேண்டும். பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பதிவுகளான மிமிக் டேட்டாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயரெல்லாம் நீக்கிய டேட்டா, கட்டணமும் கிடையாது. ஆனாலும் ஆராய்ச்சி நெறிமுறைப் பயிற்சியை முடித்து, பிறருக்குத் தர மாட்டேன் என்று ஒப்பந்தம் போட்டால்தான் கையில் கிடைக்கும். பயிற்சி ஆன்லைனிலேயே இருக்கிறது.

இன்னொன்று, பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். சென்னை ஐஐடியின் கோடைக்கால ஃபெல்லோஷிப்பிலும், அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்திலும் மாணவருக்குத்தான் உதவித்தொகை தருகிறார்கள். போட்டி கடுமை, உண்மைதான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “சான்றிதழ் வேணும்னா இப்பவே அனுப்புறோம்” என்றார்கள். இன்டர்ன்ஷிப் பாதியில் நிற்கிறது, சான்றிதழ் மட்டும் தயார்! கட்டண ரசீது, போஸ்டர், அந்த எக்செல் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். மாட்டியவர்கள் ஸ்கிரீன்ஷாட்களை அழித்துவிடாதீர்கள்.

அடுத்த பேட்சுக்குப் போஸ்டர் சுற்ற ஆரம்பித்துவிட்டது. இந்த முறை ‘569 மார்பகப் புற்றுநோய் நோயாளிகள்’ என்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் டேட்டாசெட்டிலும் சரியாக 569 வரிசைதான், அதுவும் இலவசம்.